சிறுத்தைக்குப் பாதம் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் சுகம். சுவரும் தரையும்தான் மஞ்சள் பூசிக்கொண்டு கிடக்கின்றன. நீயும் உன் மனைவியும் உன் கேமராவும் நலமாயிருக்க வேண்டும்.

காட்டில் பழியாய்க் கிடந்து நீ எடுத்தனுப்பிய சிறுத்தைப் போட்டோவைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மாட்டத்தான். ஊசியைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகள், அண்ணாந்து பார்க்க ஒன்று வேண்டாமா? முகத்தை முடித்து, முதுகை முடித்து, காலுக்கு இறங்கினால் நாலு பாதமும் புல்லுக்குள்! ஏன்டா, அத்தனை பெரிய காட்டில் புல் இல்லாத இடமே அதற்குக் கிடைக்கவில்லையா? சரி, புல்லையே வரைந்து மூடினேன். அத்தான் எட்டிப் பார்த்து, "என்ன, குளிருதுன்னு போர்வை போத்திக்கிட்டு நிக்குதா?" என்றார். வந்ததே கோபம்! புல்லை அழித்தேன். அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, "காலைத் தூக்குங்க" என்று அதைப் பார்த்து வரைந்தேன். சிறுத்தைக்குக் கட்டைவிரல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து வந்தேன். அது பச்சை வண்ணத்தில் கால் வைத்து, சோபா, மெத்தை, அத்தானின் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் பாதம் பதித்துவிட்டு ஓடிற்று. "உன்னைவிட அது நல்லா வரையுதே" என்கிறார் மனிதர். அழித்து அழித்து வரைந்ததில் புள்ளிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உடம்பே கறுத்துவிட்டது. "பேசாம ஒரு பூந்தொட்டி வரைஞ்சு குடுத்துடேன்" என்றார். விடுவேனா? நரம்பே தெரியாத கைக்குழந்தைக்கு ஊசி ஏற்றிய கை இது. ஒரு சிறுத்தையின் காலுக்கா தோற்றுப்போகும்? ஆகவே நீ உடனே காட்டுக்குப் போ. பாறைமேல் நிற்கிற சிறுத்தையாகப் பார்த்து, பாதம் தெரிய ஒரு படம் எடுத்தனுப்பு. வெயில், மழை என்று சாக்குச் சொல்லாதே. அது வரும்வரை என் படம் இந்த வாசலைத் தாண்டாது. இது சத்தியம்.

தீர்க்காயுசாய் இரு. சிறுத்தைக்கு எட்டாத தூரத்திலேயே நில். உன் மனைவிக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தூரிகையைக் கீழே வைக்காத உன் அக்கா

பி.கு.: காட்டுக்குப் போகாதே. நான் குளிக்கப் போன நேரத்தில் வார்டு நர்ஸ் வந்து படத்தைக் கொண்டுபோய்விட்டாள். அத்தானே வண்டியில் ஏற்றிவிட்டாராம். பதறிக்கொண்டு ஓடினேன். ஊசி ஏறுவதுகூடத் தெரியாமல் ஒரு சிறுமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, இந்தக் கரடிக்குட்டி ஏன் தனியா நிக்குது? அதோட அம்மா எங்க?" என்றாள். "வந்துட்டே இருக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். தம்பி, உன்னிடம் தாய்க்கரடி போட்டோ இருக்கிறதா?