தற்போதைய பயனர்

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் சின்ன மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்தது. மூத்த மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே முட்டை.

ஒரே வீட்டில் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள் இருவரும். வீடுகளுக்கு லிஃப்ட் விற்கும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் ஒரே வேலை. மூத்தவருக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். இளையவரை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். அந்தக் காரியத்துக்காக தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை தன்னையே திட்டிக்கொள்வார்.

போன மாதம் கம்பெனி ஆளுக்கொரு புது போன் கொடுத்தது. அதற்குள் ஏஐ உதவியாளர் ஒன்று இருந்தது. யாரைப் பார்த்தோம், எத்தனை மாடி வீடு, எப்போது வாங்குவார் என்று வாயால் சொன்னால் போதும். வாடிக்கையாளர் பட்டியலில் அதுவே பதிந்துவிடும்; யார் பெயரில் எத்தனை பேர் என்பது சுவர்த் திரையில் ஏறும். மூத்தவருக்கு அந்தப் போனைத் திறக்கவே வரவில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையவர்தான் அதை வாங்கி எதையெதையோ அழுத்தி, பேசிப் பார்த்துவிட்டு, "இனி நீங்க சொன்னா அது கேட்டுக்கும்ணே" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூத்தவர் சொன்னார். வெயிலில் அலைந்து, படியேறி இறங்கி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பல் டாக்டர், அச்சக முதலாளி, முழங்கால் வலிக்கார ஓய்வுபெற்ற நீதிபதி என்று ஆள் ஆளாகச் சொன்னார். முட்டை உடையவில்லை. இளையவரோ ஏசிக்குக் கீழே நாற்காலியை விட்டு அசையாமல் ஏறிக்கொண்டே போனார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. தங்கை வீட்டுக்காரருக்கு நாற்பத்தொன்றாமே என்று மனைவி கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். அதற்கே அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டார்.

உழைத்தே முந்திக் காட்டுவது என்று ஒரே நாளில் ஒன்பது பேரைப் பார்த்தார். மறுநாள் காலையில் இளையவருக்கு ஐம்பது. அலுவலகமே கைதட்டியது. மூத்தவரும் தட்டினார். இளையவரின் முதுகாக நினைத்துக்கொண்டு தட்டியதில் உள்ளங்கை சிவந்துபோனது.

மத்தியானம் இளையவர் கை கழுவப் போன நேரம் பார்த்து அவருடைய கணினியை எட்டிப் பார்த்தார். பல் டாக்டர் அங்கே இருந்தார். அச்சக முதலாளி இருந்தார். நீதிபதி தன் முழங்கால் வலியோடு இருந்தார். எல்லாம் மூத்தவர் சொன்னது, சொன்னபடி.

ஒட்டுக்கேட்டுத்தான் திருடுகிறான் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து நின்று போனிடம் கிசுகிசுத்தார். ஐம்பத்து மூன்று ஆனது. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். ஐம்பத்து நான்கு. கடைசியில் போனை வாயோடு ஒட்டி வைத்து, "என் பேர்ல போடு. என் பேர்ல மட்டும் போடு" என்றார். அப்படியே உங்கள் பெயரில் பதிந்துவிட்டேன் என்று அது தேன் ஒழுகச் சொன்னது. ஐம்பத்தைந்து.

இனிப் பொறி வைத்துப் பிடிப்பதுதான் வழி. ஏழு மாடி வீட்டுக்கார அம்மாள் ஒருவரைக் கற்பனையாக உண்டாக்கினார். ஏழு லிஃப்ட் வேண்டும், இந்த வாரமே வேண்டும் என்று அந்த அம்மாள் துடிப்பதாகப் போனில் சொல்லி, வாயில் வந்த விலாசத்தையும் கொடுத்தார். எதிர்பார்த்தபடியே ஐம்பத்தாறாவது ஆளாக அந்த அம்மாள் இளையவரின் பெயரில் போய் உட்கார்ந்தாள்.

எதிர்பாராதது மறுநாள் நடந்தது. ஏழு லிஃப்ட் என்றதும் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரியே வந்திறங்கி, இளையவரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அதுவும் முன் சீட்டில். திரும்பி வந்ததும் மேனேஜர் அறைக்குள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சற்று நேரத்தில், சின்னவர் பெயருக்கு ஒரு கடிதம் தயாராகிறது என்று பேச்சு பரவியது.

பதவி உயர்வுதான், சந்தேகமே இல்லை. என் ஆட்களை வைத்து, நான் உண்டாக்கிய அம்மாளை வைத்து, எனக்கே மேலதிகாரியாகப் போகிறான் என்று மூத்தவருக்குக் காதெல்லாம் சூடானது. போனைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினார்.

அங்கிருந்த பொறியாளர் போனை வாங்கி ஒரு மூலையில் விரலை வைத்துக் காட்டினார். தற்போதைய பயனர் என்று போட்டு இளையவரின் பெயர் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கத் தன் கணக்கில் நுழைந்தவர், வெளியே வர மறந்திருக்கிறார்.

"இது யார் பேசுறாங்கன்னு பார்க்காது சார். உள்ள யார் இருக்காங்கன்னுதான் பார்க்கும்" என்றார் பொறியாளர்.

அந்த ஐம்பத்தாறில் இந்தப் போனிலிருந்து போனவை எத்தனை என்று மூத்தவர் கேட்டார். ஐம்பத்திரண்டு. அப்படியானால் அவனுடையது நாலே நாலு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார்கள். மூத்தவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எல்லாவற்றையும் உடனே தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மேசையோரமாகவே நின்றுகொண்டார்.

பொறியாளர் ஏதோ தட்டினார். இனிமேல் முதலில் ஆளைக் கேட்டுக்கொண்டுதான் அது எதையும் பதியும் என்றார். போன் கேட்டது:

"பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

மூத்தவர் தன் பெயரையும் அப்பா பெயரையும் பன்னிரண்டு வருட சர்வீஸையும் சொன்னார்.

"இந்த ஐம்பத்திரண்டு பேரையும் நேரில் பார்த்துப் பேசியது நீங்கள்தானா?"

ஏழு மாடி அம்மாள் ஒரு கணம் நினைவில் வந்து நின்றாள். ஆனால் ஐம்பத்தொன்று என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"நானேதான். ஒண்ணு விடாம."

அவர் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் திரை மாறிவிட்டது. அவருக்கு ஐம்பத்திரண்டு, இளையவருக்கு நாலு. அந்த முகத்தை இப்போதே பார்த்தாக வேண்டும் என்று திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. மேனேஜர் அறையிலிருந்து ஒரு தாளோடு வெளியே வந்த டைப்பிஸ்ட் அம்மாள் நேரே அவரிடம் வந்தார்.

"அந்த ஏழு மாடி விலாசத்துல பஞ்சர் கடைதான் இருந்துச்சாம் சார். உங்க சகலை, 'அந்தப் பொய்யைப் பதிஞ்சது நான்தான், எங்கண்ணனை இதுல இழுக்காதீங்க'ன்னு எழுதிக் கொடுத்துட்டு, பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. இப்ப டிஸ்மிஸ் லெட்டர்ல பேரை மாத்தச் சொல்றாங்க, உங்க இனிஷியல் என்ன சார்?"