கண் இமைப்பதற்குள் எண்ணுபவர்

சோம்பேறிகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. வேகக்காரர்களை மட்டும் யாரும் தொடுவதில்லை. தொட்டால், இந்த வாக்கியம் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டு நம்மை வறுத்துவிடுவார்கள். போகட்டும், நான் தொடுகிறேன். அந்த இனத்தில் நன்றாகப் பழுத்த ஆளைப் பார்க்க வேண்டுமா? குவாயாகில் நகரத்தின் தென்கோடியில், உப்பங்கழி ஓரத்துச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பார். பெயர் ஹோல்கெர் வியாவோ, கணினிப் பிரிவு.

டாக்டர் யாதிரா அவரிடம் கேட்டது சின்ன விஷயம். டாக்டரின் வயதான நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராகத் தலைசுற்றி விழுந்துகொண்டிருந்தார்கள். ஏதோ இரண்டு மாத்திரைகள் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கின்றன என்று அவருக்குச் சந்தேகம். விழுந்தவர்களின் விவரம் கணினியில் இருக்கிறது: ஆளுக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு கட்டம், சாப்பிட்டால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எந்த இரண்டு அதிகம் சேர்ந்து வருகின்றன? அவ்வளவுதான் கேள்வி.

ஒவ்வோர் ஆளாகப் போய் ஜோடி ஜோடியாக எண்ணும் பழைய நிரல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. தட்டிவிட்டால் மதியத்துக்குள் பதில் வந்திருக்கும். ஹோல்கெர் தட்டுவாரா? மீன் குழம்பில் ஈயைக் கண்டவர் மாதிரி முகம் சுளித்தார்.

"டாக்டர், இது இதையும் அதையும் ஒரு தரம் எண்ணுது, அப்புறம் அதையும் இதையும் மறுபடி எண்ணுது. ஒரே வேலை ரெண்டு தரம். பார்க்கவே கூசுது."

"ரெண்டால வகுத்துக்கலாம் ஹோல்கெர். ஓட விடுங்க."

விடுவாரா? அட்டவணையைப் பக்கவாட்டில் திருப்பி அதனோடேயே பெருக்கினால் எல்லா ஜோடிகளும் ஒரே மூச்சில் வந்து விழும் என்று கண்டுகொண்டார்; பூஜ்யங்களை எதற்குச் சுமப்பது என்று அவற்றைக் களைந்தார்; டாக்டர் மாடியேறும்போதெல்லாம் வாழைக்காய் உருண்டையைக் காபியோடு விழுங்கியபடி, நேற்று பத்து நிமிடம், இன்று நாற்பது நொடி என்று பெருமையடித்தார். நாற்பது நொடியில் முடிந்ததென்றால் பதில் எங்கே என்று டாக்டர் கேட்டார்.

"பதிலைக் காட்டச் சொன்னா நேரம் கூடிடுது டாக்டர். அதனால அதை நிறுத்தி வெச்சிருக்கேன்."

டாக்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் கீழே நோயாளிகள் வாசலைத் தாண்டி நிற்கிறார்கள். ஹோல்கெர் இருக்கும்வரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவும் முடியாது. அந்த வாரமும் ஆட்கள் விழுந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, மேலதிகாரிகள் முன்னிலையில் ஹோல்கெர் விசையை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் முடிந்தது. கைதட்டினார்கள். திரையில் முதலிடம் பிடித்த ஜோடி: பிரஷர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். அட்டவணையை அதனோடேயே பெருக்கினால் ஒவ்வொன்றும் தனக்குத் தானே ஜோடியாகி நிற்கும். எந்த மாத்திரைதான் தன்னை விட்டுப் பிரிந்திருக்கும்?

சின்ன விஷயம், திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்றார் ஹோல்கெர்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. முந்தின நாள் அவருடைய அம்மா தோன்யா தார்ஹெலியா, குளியலறையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலியில் டாக்டரே உட்கார்ந்து பழைய நிரலைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பியபோது பதில் காத்திருந்தது: பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மாவின் கட்டிலருகே மேசைமேல் அந்த இரண்டும்தான் இருந்தன. டாக்டர் ஒன்றை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு காரணத்தைச் சொன்னார். திட்ட மனம் வரவில்லை. கட்டிலருகே நின்ற ஹோல்கெர் கேட்டார்:

"பழசு எவ்ளோ நேரம் எடுத்துச்சு, டாக்டர்?"

"நான் சாப்பிட்டுட்டு வர்ற நேரம்."

நல்லவேளை, நாம் அப்படியில்லை. ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். பழைய நிரல் ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தரம் எண்ணியது என்று படித்தபோது, பாதி வேலையை மிச்சப்படுத்தலாமே என்று உங்களுக்குள் ஏதாவது முணுமுணுத்ததா? அப்படியானால் இதை மூடிவைத்துவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.