தாய்மாமன் சீரும் மூன்று கிடாய்களும்

மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சொல்லும் வார்த்தைக்கு, மைக்கைக் கீழே வைத்த பிறகும் அவனே பொறுப்பு என்று உலகத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. நாற்பது வயது தாண்டும்வரை இது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் நான் பேச்சாளனாகாமல் நல்ல கேட்பாளனாகவே இருந்திருப்பேன். ஊருக்கும் லாபம்.)

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் தேனியில் வியாபாரிகள் கூடிய ஒரு கூட்டம். நம் பள்ளத்தாக்கில் விளைவதையும் செய்வதையும் நம் கடைகள் விற்க வேண்டும், நம் சனம் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பொருள். பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதியவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் மேடையேற்றினார்கள். வெளுத்து வாங்கினேன்.

"சக்கம்பட்டித் தறிச்சத்தம் கேக்குற தூரத்துல இருந்துக்கிட்டு சூரத்துச் சேலைக்கு வரிசையில நிக்கிறோமே, நியாயமா?"

கைதட்டல். (ஆண்டிபட்டிப் பக்கம் ஓடுகிற தறியின் சத்தம் தேனிக்குக் கேட்காது. மைக்கில் கேட்கும்.)

கூட்டத்திலிருந்து முத்துராஜ் மச்சான் எழுந்தார். என் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரருக்கு அண்ணன். பஜாரில் பெரிய ஜவுளிக்கடை. கடைக்குள் காலை வைத்ததும் கண்ணில் படுகிற முன்னலமாரி முழுக்கச் சூரத்துதான்.

"மாப்ள, பேச்சு அருமை. அடுத்த மாசம் மல்லிகா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்கதேன். இந்தப் பள்ளத்தாக்கத் தாண்டி வந்த சாமான் ஒண்ணுகூட இல்லாமச் சீர் கொண்டாங்க பாப்போம். வந்த சனம் 'நல்ல சீரு'ன்னு சொல்லிருச்சுன்னா, எங் கடை முன்னலமாரியச் சக்கம்பட்டிக்கு விடுறேன்."

"சரி மச்சான்!" என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

விஷயம் எனக்கு முன்னால் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள்.

"அண்ணே, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? எங்க ஓரகத்தி வீட்டு விசேசத்துக்கு அவுக அண்ணே சாக்லேட்லயே கோயில் கட்டிக் கொண்டாந்தாக. நீ முட்டைக்கோசு கொண்டாரப் போறியா?"

"அது சின்னமனூரு முட்டைக்கோசு ஆத்தா..."

"எந்தூரா இருந்தாலும் முட்டைக்கோசு முட்டைக்கோசுதேன். எங்க மாமியா வீட்டுச் சனம் மொத்தமும் அங்கன உக்காந்திருக்கும். என் மூஞ்சியக் காப்பாத்து. அம்புட்டுத்தேன்."

காப்பாற்றியே தீருவது என்று கிளம்பினேன். அந்த மாதம் முழுக்க நான் வீட்டில் தங்கவில்லை. போடி ஏலக்காய், காப்பிக்கொட்டை, ஓடைப்பட்டித் திராட்சை, ஆண்டிபட்டி முருங்கைக்கீரை, கம்பத்து வாழைத்தார் என்று எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்தேன். மேகமலைத் தேயிலைக்காக மேலே போய்வந்ததில் என் முதுகெலும்புகள் இடம் மாறிக்கொண்டன. தங்கைக்கென்று சக்கம்பட்டியில் சிவப்புக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் நூல்சேலை ஒன்று எடுத்தேன்.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. சீர்த்தட்டைச் சுற்ற மினுமினுக்கும் கண்ணாடித் தாள் வேண்டும். எந்த ஊர்ச் சரக்கு என்று கடையில் விசாரித்தேன். நம்மூர் இல்லை. வேண்டவே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

"மூடாமக் கொண்டு போனா தூசி விழுகுமே" என்றாள் மனைவி.

"விழுகட்டும். அதுவும் நம்மூர்த் தூசிதேன்."

(இந்தப் பதிலுக்காக அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பேரழிவுகளெல்லாம் இப்படித்தான் ஒரு நல்ல வசனத்தில் ஆரம்பிக்கின்றன.)

விசேஷம் வீரபாண்டியில் ஒரு மண்டபத்தில். மேளமும் வேட்டும் முன்னால் போக, பெண்கள் திறந்த தட்டுகளோடு நடக்க, பின்னால் மாலை போட்ட மூன்று கிடாய்கள். தாய்மாமன் சீரில் கிடாய் இல்லாவிட்டால் எங்கள் பக்கம் சீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றும் தேவாரத்தில் பிறந்து வளர்ந்தவை. ஆக, கொள்கைக்குப் பழுதில்லை. பிடித்து வந்தவர் என் பங்காளி சின்னச்சாமி. மண்டபம் வருவதற்குள் ஒரு கிடாயின் மாலையை இன்னொன்று தின்று முடித்திருந்தது. அதை நான் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்துத் தட்டுகளை வரிசையாக இறக்கினார்கள். முத்துராஜ் மச்சான் முன்வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சனம் தட்டுகளைப் பார்த்தது. சாக்லேட் கோயில் கண்ட கண்கள் முட்டைக்கோசைப் பார்த்து என்ன சொல்லும்? விளக்கிச் சொன்னால் புரியும் என்று மைக்கை வாங்கி, தட்டுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்து நின்றேன்.

"இந்த முருங்கைக்கீரை இருக்கே, இது ஆண்டிபட்டி..." என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. நான் இன்னும் நகைச்சுவையே சொல்லவில்லை. திராட்சைக்கு வந்தபோது மண்டபமே சிரித்தது. வாழைத்தாருக்கு விசில் பறந்தது. முத்துராஜ் மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஏங்கிய சிரிப்பு அது. விடுவேனா? ஒவ்வொரு பண்டத்துக்கும் பிறந்த கதை, வளர்ந்த கதை எல்லாம் சொன்னேன்.

"மச்சான், முன்னலமாரிய இன்னைக்கே காலி பண்ணிருங்க!" என்று கர்ஜித்தேன். கூரை அதிர்ந்தது.

"அண்ணே! திரும்பிப் பாருண்ணே!" என்று மேடையிலிருந்து மல்லிகா அலறினாள்.

திரும்பினேன். என் சீரில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

சின்னச்சாமி மேளத்துக்கு முன்னால் ஆடப் போய்விட்டாராம். (கயிற்றைத் தூணில் கட்டியதாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். தூணுக்கு அது தெரிந்திருக்கவில்லை.) ஒரு கிடாய் கீரைக்கட்டை முடித்துவிட்டு முட்டைக்கோசுக்கு மாறியிருந்தது. இன்னொன்றின் வாயில் திராட்சைக்குலை தொங்கியது. மூன்றாவது, கறுப்புக் கிடாய், தங்கைக்கு எடுத்த சேலையின் முந்தியைக் கவ்வி மென்றுகொண்டிருந்தது.

மல்லிகா மேடையிலிருந்து குதித்தாள். சேலையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். கிடாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு இழுத்தது. "விடு சனியனே!" என்று அவள் கத்த, சனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து உற்சாகப்படுத்தியது. நான் கிடாயின் பின்காலைப் பிடித்தேன். அது என்னை உதைத்தது. ஓடி வந்த சின்னச்சாமி கொம்பைப் பிடித்த பிறகுதான் முந்தியை விட்டது. மல்லிகா சேலையோடு தொப்பென்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள்.

சிரிப்பு நின்றது. அவள் மெதுவாகச் சேலையை விரித்தாள். முந்தி நனைந்திருந்தது, கசங்கியிருந்தது. ஆனால் எங்கேயும் கிழியவில்லை.

அவளுடைய மாமியார் வீட்டுப் பெரியம்மா ஒருவர் எழுந்து வந்து முந்தியைக் கையில் வாங்கினார். விரலால் நெருடிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நூலு போகலயேத்தா! எங்கன எடுத்தது?"

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கொலை இருந்தது. ஆனாலும் தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "சக்கம்பட்டி. எங்கண்ணே எடுத்தாந்தது. ரெண்டு பக்கமும் இழுத்தே பாத்தாச்சு பெரியம்மா."

அதற்குள் சேலையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். காது குத்தும்போது மருமகள் என் மடியில் அழவேயில்லை. கிடாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, 'நல்ல சீரு'ன்னு ஒருத்தரும் சொல்லலயே" என்றார் முத்துராஜ் மச்சான், பந்தியில்.

"ஆளுக சொல்லல மச்சான். ஆடு சொல்லிருச்சு."

"அது கணக்குல வராது."

நான் விடவில்லை. பஜார் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கடையில் போய் உட்கார்ந்து நியாயம் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர, அலமாரியைக் கொடுக்கவில்லை. ஆனால் விசேஷத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் கடைக்கு வந்து, "அந்த ஆடு இழுத்த சேலை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லையென்றதும் வேறு எதையும் எடுக்காமல் படியிறங்கிப் போனார்கள். என் பேச்சுக்கு அசையாத மனிதர் அதற்கு அசைந்தார். முன்னலமாரியில் பாதி சக்கம்பட்டிக்கு வந்தது. (மிச்சப் பாதிக்கு நான் இன்னும் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். டீ இப்போதும் வருகிறது.)

அன்று முதல் எங்கள் வீட்டில் யார் துணி வாங்கினாலும், விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிடும். போன தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் போனில் எந்த ஊர்ச் சுடிதாருக்கோ ஆர்டர் போட உட்கார்ந்தாள். இப்போது என் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, அத ஆடு இழுத்துப் பாத்துருச்சா?"

"அம்மா, ப்ளீஸ்மா."

"பாத்துருச்சா, இல்லையா?"

மருமகள் என்னை முறைத்தாள். பிறகு போனை வைத்துவிட்டு, "மாமா, சக்கம்பட்டிக்கு வண்டிய எடுங்க" என்று செருப்பை மாட்டினாள்.