ரோமுக்குப் போன கட்டுச்சோறு

மேற்கு சிட்னியில் யாராவது பசியோடு இருந்தால், அவருக்குப் பார்சல் அங்கிளைத் தெரியாது என்று அர்த்தம். செவன் ஹில்ஸ் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். பல் பிடுங்கப் போன இடத்திலும் கையில் இடியப்பப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவர்.

படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காக இழுபட்டு, ஒருவழியாக அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. விழாவில் மேயர் அவர் கையில் மரக்கன்று கொடுத்தார். இவர் மேயர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

"கத்தரிக்காய்க் கறி. உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்" என்று தமிழிலேயே விளக்கமும் சொன்னார்.

பாஸ்போர்ட் வந்ததும் ரோமுக்கு டிக்கெட் போட்டார். போரில் பிரிந்த தம்பிக்கு இத்தாலியின் தெற்கே ஓர் உணவகத்தில் வேலை. வீடியோவில் தினமும் பேச்சு. நேரில் பார்த்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தம்பிக்குக் கிடைத்தது ஒரே நாள் லீவு, மாலையே ரயிலேற வேண்டும். ஊர் சுற்றும் ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

சந்திக்கும் இடம், ரோமின் நடுவில் வெள்ளைச் சலவைக்கல்லில் மலைபோல் நிற்கும் தேசிய நினைவுச்சின்னம்.

"அவ்வளவு பெரிசைத் தவறவிட ஏலாது" என்றார் அங்கிள். பெரிசுதான். ஆனால் முன்னால் தேர்த்திருவிழா போலக் கூட்டம். மதியம் தாண்டியும் தம்பியைக் காணோம்.

"போன் பண்ணுங்க அங்கிள்."

"போனை ரூமிலை வச்சிட்டன், அவன்ரை நம்பரும் அதுக்குள்ளைதான். ரெண்டு கையிலையும் சாப்பாடெல்லே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சின்னவன் தேடிப்போட்டுப் போயிருப்பானோ?"

நான் கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கவலை வந்தால் அங்கிள் செய்வது ஒன்றுதான். நினைவுச்சின்னத்தின் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அந்தப் படிகளில் உட்காரவே கூடாதாம். காவலர் விசிலடித்தார். அவருக்கும் பசிக்கிறது என்று அங்கிள் முடிவு கட்டிவிட்டார்.

"பொறும், உமக்கும் இருக்கு" என்று இன்னொன்றைப் பிரித்தார். விசில் பலமாயிற்று. சதுக்கமே திரும்பிப் பார்த்தது.

கூட்டத்தின் மறுகோடியிலிருந்து நரைத்த தலை ஒன்று ஓடி வந்தது.

"இந்த ஊரிலை காவல்காரனை விசிலடிக்க விட்டிட்டுச் சாப்பிடுறது எங்கட அண்ணையாத்தான் இருக்கும் எண்டு வந்தனான்" என்றார் தம்பி. இருவரும் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

படியை விட்டிறங்கி ஓரமாக நின்றோம். அங்கிள் சோற்றை உருட்டித் தம்பிக்கு ஊட்டினார். அடுத்த உருண்டையை என் பக்கம் நீட்டினார். ஊரே பார்க்க, நானும் வாயைத் திறந்தேன். என்ன செய்வது, அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.