இடம் மாறிய மச்சம்

அன்புக்கு என்றும் உரியவளும், இந்த வாரம் மட்டும் கோபத்துக்கும் உரியவளுமான என் பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பனுக்கு முழங்கால் வலி தேவலை. உன் அம்மா வழக்கம்போல் என் பேச்சைக் கேட்காமல் நன்றாக இருக்கிறாள். என் கண் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. கடிதம் முடியும்வரை இதை நீ மறக்கக் கூடாது.

நல்ல சேதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இருக்காது. உன் அண்ணன் கப்பல் எஞ்சின் பரீட்சையில் தேறிவிட்டான், இனி நடுக்கடலில் எஞ்சின் நின்றால் இவனைத்தான் எழுப்புவார்களாம். பல் டாக்டருக்குப் படிக்கும் உன் அத்தை மகள், பக்கத்தில் வாத்தியார் நிற்காமல் தனியாகவே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டாள். இடது பக்கம் என்று சீட்டில் எழுதியிருந்தது, இடது பக்கமே பிடுங்கினாள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் உனக்கே தெரியும். உன் தம்பி நீச்சலில் இரண்டாவது. முதலில் வந்த பிள்ளைக்குக் கை முழங்கால்வரை தொங்குகிறது, அதைக் கழித்துப் பார்த்தால் நம்ம பிள்ளைதான் முதல். உன் அக்கா குழந்தைக்குப் பல் இரண்டு முளைத்துவிட்டது, அதற்குச் சாட்சியாக மூன்று பேர் கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆக எல்லோரும் அவரவர் வேலையைப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். இனி உன் சங்கதிக்கு வருகிறேன்.

இரண்டு வருஷமாக அந்த அச்சகத்தில் உருக்குத் தகட்டின் மேல் குனிந்து தபால்தலைக்குப் படம் செதுக்கப் பழகுகிறாய். இதுதான் முழுக்க உன் கையால் வரும் முதல் தபால்தலை, இது பிசகில்லாமல் வந்தால்தான் மாதக் கடைசியில் உனக்குத் தொழில் சொல்லித்தருகிற பெரியவர் உன்னை நிரந்தரமாக்குவார் என்று நீயே எழுதியிருந்தாய். படத்தில் இருப்பது யார் என்று மட்டும் எழுதவில்லை. "போய்ப் பாரு பாட்டி" என்று ஒரு வரி. நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண், காய்கறிக் கடையில் எடை போட்டு ஒட்டுவார்களே, அது மாதிரி ஒரு சீட்டை எந்திரத்திலிருந்து கிழித்து உறைமேல் ஒட்ட வந்தாள். "இது வேணாம்மா, எனக்கு ஸ்டாம்ப் வேணும். என் பேத்தி செஞ்ச ஸ்டாம்ப்" என்றேன். "எல்லா ஸ்டாம்பும் யாராவது ஒருத்தர் பேத்தி செஞ்சதுதான் பாட்டி" என்று அலுத்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தாள். திறந்தால் உள்ளே நான். ஒரு தாளுக்கு நாற்பது நான்.

ஊசியில் நூல் கோக்கிற முகம். கண்ணைச் சுருக்கி, உதட்டோரம் நாக்கு நுனியை நீட்டி, தலை வாராமல். போட்டோ என்றாலே புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்கிறவளை எப்போது போட்டோ எடுத்தாய்? போன தடவை வந்தபோது ஜன்னலோரம் நின்று போனில் பேசுகிற மாதிரி பாசாங்கு செய்தாயே, அப்போதுதானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையாவது வாரியிருப்பேன். சரி, அது போகட்டும். வீட்டுக்கு வந்து, தையலுக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. என் நெற்றியில் மட்டும் முப்பத்தோரு கோடு இருக்கிறது, கண்ணு. நிழல் விழும் இடத்தில் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு, வெளிச்சம் விழும் இடத்தில் வெறும் புள்ளி, அந்தப் புள்ளியும் போகப்போகச் சிறுத்துக் காகிதத்திலேயே கரைந்துவிடுகிறது. காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. நகத்தால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படுகிறது. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள் நான், கையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நான் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைப்பேன். நீ உருக்கில் ஒரு கோட்டைத் தப்பாக இழுத்தால் அதை எங்கே போய்ப் பிரிப்பது? இந்த யோசனையிலேயே பழைய கடிதங்களைப் போட்டு வைத்திருக்கிற பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு உறையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு கொக்கு, இறகு இறகாக. ஒன்றில் ஒரு பாலம், அதன் கீழே தண்ணீர், தண்ணீர் என்று அங்கே எதுவுமே இல்லை, வளைந்த கோடு எட்டுதான், ஆனால் ஓடுகிறது. எத்தனை வருஷம் இவற்றை எச்சில் தொட்டு ஒட்டி, மேலே ஒரு குத்துக் குத்தி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆள் மாதக்கணக்கில் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நாளாவது தோன்றியதா? பேர்கூடப் போடவில்லை பாவம், ஓரத்தில் எறும்பு மாதிரி இரண்டு எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப் பூரித்துப்போய் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, பொட்டு வைக்கக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியில் என் மச்சம் வலது பக்கம். கையில் இருக்கிற தபால்தலையில் மச்சம் இடது பக்கம். மறுபடியும் கண்ணாடி. வலது. மறுபடியும் தபால்தலை. இடது. எழுபத்து நாலு வருஷமாக வலது பக்கம் இருந்த மச்சத்தை ஒரே நாளில் இடது பக்கம் அனுப்பிவிட்டாயே. எனக்குக் காரணமும் விளங்கிவிட்டது. நீதானே சொன்னாய்: "தகட்டுல எல்லாத்தையும் திருப்பிப் போட்டுச் செதுக்கணும் பாட்டி, அப்பதான் காகிதத்துல நேரா விழும்" என்று. மூக்கைத் திருப்பினாய், காதைத் திருப்பினாய், முப்பத்தோரு கோட்டையும் திருப்பினாய், மச்சத்தைத் திருப்ப மறந்துவிட்டாய். தையல் பழகிய புதிதில் நானும் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டியிருக்கிறேன். ஆனால் அது ஒரு சட்டை. இது ஊர் ஊராகப் போகிற சமாச்சாரம்.

உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரியாத்தானே இருக்கு அத்தை, அச்சு அசலா நீங்கதான்" என்கிறாள். உன் அப்பன் தபால்தலையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மச்சம் அங்கதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைக் குடைய ஆரம்பித்துவிட்டான். பெற்ற தாயின் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாத பிள்ளை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்று நினைத்து, சம்பந்தமில்லாத ஆளாக இருக்கட்டும் என்று எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அக்கா, நீங்க கண்ணாடியில பாக்கறீங்க இல்லையா, அதுல ஒரு விஷயம் என்னன்னா" என்று ஒரு காகிதத்தில் அம்புக்குறியெல்லாம் போட ஆரம்பித்தார். "வாத்தியாரே, நான் அஞ்சாவதோட நின்னவதான், ஆனா என் மூஞ்சி எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு மனுஷனுக்குக் கண் மங்கிவிட்டது.

யாரும் உதவ மாட்டார்கள் என்று ஆனதும், பெரியவர் கண்ணில் படுவதற்குள் நானே திருத்திவிடலாம் என்று ஒரு தாள் முழுவதையும் வாங்கி வந்து, நாற்பது கன்னத்திலும் வலது பக்கம் கறுப்புப் பேனாவால் மச்சம் வைத்தேன். பழைய மச்சத்தைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், மச்சத்தோடு கன்னமும் வருகிறது, விட்டுவிட்டேன். அதில் ஒன்றை உறையில் ஒட்டிக் கொண்டுபோனால் தபால் ஆபீஸ் பெண் உறையைத் தள்ளிவிட்டாள். "மை பட்ட ஸ்டாம்ப் செல்லாது பாட்டி." "மை படலைம்மா, திருத்தியிருக்கேன்." "என்ன திருத்தினீங்க? மத்த பாட்டிக்கு ஒரு மச்சம், இந்தப் பாட்டிக்கு ரெண்டு." "அது பாட்டி இல்லை, நான்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் நம்பவில்லை. நாக்கு நுனியை நீட்டிக் காட்டினேன், அப்போதும் நம்பவில்லை. போதாததற்கு, அங்கேயே என் கண் முன்னால் வேறு யாருடைய உறையிலோ இருந்த என் மூக்கின் மேல் கறுப்பு முத்திரையை ஓங்கி இறக்கினாள். எனக்கே மூக்கு வலித்தது.

கடைசியில் பாட்டி ஒரு முடிவுக்கு வந்து, உன் பெரியவருக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நேற்றுத்தான் பெட்டியில் போட்டேன். பயப்படாதே, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். 'ஐயா, மச்சம் பக்கம் மாறியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்ற கோடு அத்தனையும் சுத்தம். ஒரு மச்சத்துக்காகக் குழந்தையை வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மச்சத்தின் சொந்தக்காரி நான், நானே மன்னித்துவிட்டேன்' என்று. உறைக்கு மேலே ஒட்டினால் மறுபடியும் என் மூக்கில் குத்துவார்கள் என்று, முதலில் வாங்கிய பேனா படாத தபால்தலையை உறைக்கு உள்ளே பத்திரமாக ஒட்டி அனுப்பினேன். பின்பக்கம் நம் விலாசமும் எழுதினேன், பதில் போட அவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும்.

ஆகவே நீ எதுவும் தெரியாத மாதிரி இரு. கூப்பிட்டுக் கேட்டால் பாட்டிக்கு இரண்டு பக்கமும் மச்சம் உண்டு என்று சொல்லிவிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு, வேளைக்குச் சாப்பிடு, முதுகை நிமிர்த்தி உட்கார். நீ கையால் இழுக்கிற கோடெல்லாம் நேராக விழட்டும்.

இப்படிக்கு,
வலது கன்னத்தில் மச்சமுள்ள
உன் பாட்டி

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி உன் அப்பனிடம் கொடுத்து நாலு நாள் ஆகிறது, அவன் சட்டைப் பையை விட்டு அது கிளம்பவே இல்லை. பிள்ளை மறதிக்காரனாக இருப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. காலையில் தபால்காரர் வந்து, உன் பெரியவருக்கு நான் போட்ட கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். 'தபால்தலை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. "இருக்குப்பா, உள்ள இருக்கு" என்றேன். "உள்ள இருந்தா நாங்க எப்படிப் பாட்டி பாக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வீணாக்குவானேன் என்று உறையைக் கிழித்துத் தண்ணீர் தொட்டு அதை உரித்தேன். உரித்தது படம் வெளியே தெரிய உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து முகத்தில் முடி விழ, ஒதுக்கிக்கொள்ளக் கையைத் தூக்கினேன், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் என் கன்னத்துப் பக்கத்தில் என் உள்ளங்கை, அதில் தபால்தலை. அவளுக்கும் மச்சம் வலது, எனக்கும் வலது. கையை இறக்கி நேராகப் பார்த்தேன், அவளுக்கு இடது. தூக்கினேன், வலது. இப்படியே பத்துத் தடவை. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்து நாலு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது தகட்டை, கண்ணு. காகிதத்தில் விழுந்த முகத்தை இந்த வாரம்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்க்கிற என்னை எனக்குக் காட்டியது நீதான்.

உன் பெரியவர் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பன், அம்மா இரண்டு பேரிடமும் மச்சம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரிடம் சொல்வதாக இல்லை. இந்த உறைக்குத் தபால்தலையை வெளியிலேயே ஒட்டியிருக்கிறேன், மெதுவாகக் குத்தச் சொல்லி நானே நின்று பார்க்கப்போகிறேன். மூக்கில் விழுந்தாலும் பரவாயில்லை, உன் கையால் செய்தது உன் கைக்கே வந்து சேரட்டும்.

ஒன்றே ஒன்று. சுவரில் நீ இன்னும் பள்ளிக்கூடச் சீருடையில்தான் நிற்கிறாய். என்னை ஊர் ஊராக அனுப்பியவள் உன்னை எனக்கு ஒரு தடவை அனுப்பக் கூடாதா? புதுப் போட்டோவாக இருக்கட்டும். தலை வாரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறது வேண்டாம். தகட்டின் மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நாக்கு நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு இருக்கும்போது, உனக்குத் தெரியாமல் உன்னை எடுக்கும்படி யாரிடமாவது நீயே சொல்லி வை. போனில் அனுப்பாதே, அது உன் அப்பனிடமே தங்கிவிடும். தபாலில் அனுப்பு.