குறி தவறும் கொள்கை

சமவெளி நகரத்துக் காட்டெருமைகள் அணி அந்தப் பருவத்தின் முதல் பாதியில் ஒரேயோர் ஆட்டத்தில் வென்றது. உதைப்பவன் டேரன் ஹுனியாக்கின் குறி தவறியதே அந்த வெற்றிக்குக் காரணம். பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. விலகிப்போய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் விழுந்தாலும் ஒரு புள்ளி உண்டு. கையாலும் காலாலும் ஆடும் கனடாக் கால்பந்தின் பெருந்தன்மை அது. சமநிலையில் இருந்த ஆட்டத்தை அந்த ஒற்றைப் புள்ளி வென்று தந்தது.

மேலாளர் வெர்னான் பென்னர் உயர்மட்ட ஆய்வு நடத்தினார். பந்து நேராகப் போன ஆட்டங்களிலெல்லாம் தோல்வி. கோணிப்போன ஆட்டத்தில் வெற்றி. ஐயத்துக்கே இடமில்லை.

"தம்பி, இனிமே நேரா உதைக்காதே."

"சார், ஒண்ணைவிட மூணு பெருசாச்சே?"

"அது கணக்கு. இது கொள்கை. உன் ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"இந்தப் பருவத்தோட, சார்."

"அப்ப யோசிச்சு உதை."

டேரனின் மனைவி ஜோலீனுக்குப் பனிக்காலத்தில் பிரசவம். அவன் யோசித்தான்.

ஊரும் கொள்கையை ஏற்றது. ரசிகர்கள் தொப்பியைக் கோணலாக அணிந்தார்கள். வங்கி அதிகாரிகூடக் கழுத்துப்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நேராக அணிந்தவர்களைப் பழைய ஆட்கள் என்றார்கள்.

கடைசி ஆட்டம். வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். இரண்டு புள்ளி பின்னால், நேரம் முடியப்போகிறது, கம்பங்கள் மிக அருகில். நிறைமாத ஜோலீனே உதைத்துவிடலாம்.

அவன் உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் சக வீரன் ப்ரென்ட் கிசுகிசுத்தான்: "மச்சான், நேரா விடுடா. ஜெயிச்சிடலாம்."

"ஜெயிச்சா என் வேலை போயிடும்டா."

டேரன் உதைத்தான். பந்து அழகாக விலகிப்போய்ப் பனியில் விழுந்தது. ஒரு புள்ளி. ஒரு புள்ளியில் தோல்வி.

அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பென்னர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "மூணு வருஷ ஒப்பந்தம்டா உனக்கு!"

வென்ற அணியின் உதைப்பவன் தயங்கித் தயங்கி அருகே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, எங்க ஆபீஸ்லயும் இதே கொள்கை வந்துடுச்சு. எனக்கு எல்லாமே நேராப் போய்த் தொலையுது. எப்படிண்ணே தவற விடுறீங்க?"

டேரன் அவன் தோளில் கைவைத்தான்.

"அதெல்லாம் அனுபவத்துல வர்றது, தம்பி" என்றான், பென்னரின் குரலிலேயே.