மெமரியை ஆறப்போட்டவர்

பாலசந்திரன் ஏமாற்றப்பட்டிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, இரண்டு வருஷமாக. அதுவும் தன் வீட்டு மேஜைமேல், தன் கண்ணெதிரிலேயே.

"விசாலம், இங்கே வா. வந்து இந்த அநியாயத்தைப் பாரு."

விசாலாக்ஷி தோசைத்திருப்பியுடன் வந்து நின்றாள். "என்ன பாக்கணும்?"

"கம்ப்யூட்டர் மெமரி. டப்பாவுல ஸ்பீடு என்ன போட்டிருக்கான்? மூவாயிரத்து இருநூறு. இங்கே ஸ்கிரீன்ல என்ன காட்டறது? ரெண்டாயிரத்து நூத்து முப்பத்து மூணு."

"ஓடறதோன்னோ?"

"இதுக்குப் பேர் ஓடறதா? தவழறது. மிச்ச ஆயிரத்தை யார் தின்னா?"

"நான் தின்னலை" என்றாள் விசாலாக்ஷி. தோசை கருகுகிறது என்று திரும்பிப் போய்விட்டாள்.

அவர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. மைசூர் ரயில்வேயில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவர் பாலசந்திரன். ஊரில் உள்ள எஞ்சின்களெல்லாம் குடித்த டீசலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு எஞ்சினுக்குள் காலை வைக்க ஒருத்தன் விட்டதில்லை. ரிடையர் ஆன மறு மாசமே விஜயநகர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். தினமும் மைசூரிலிருந்து பெங்களூருக்கு வண்டி எடுப்பார். வாயாலேயே விசிலும் கொடுப்பார். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் காவிரிப் பாலம் வந்ததும் படம் திக்கித் திணறி அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு கௌரிசங்கர் நிஜமாகவே ரயில் ஓட்டி ரிடையர் ஆனவர். ஒரு நாள் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பாலு சார், பாலத்துமேலேயே நிறுத்திட்டீங்க? பாசஞ்சர் எல்லாம் காவிரியில குளிச்சிட்டு வரட்டும்னா?"

அன்றிலிருந்து பாலசந்திரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மனுஷன் முன்னால் ஒரே ஒரு தடவை, பாலத்தைத் தாண்டி, பெங்களூர் வரை டயத்துக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் விற்ற குருபிரசாத்திடம் போனார். குருபிரசாத் அலட்டிக்கொள்ளவில்லை.

"அது சாதா ஸ்பீடு சார். முழு ஸ்பீடுக்கு மெமரி கம்பெனியே ஒரு ப்ரொஃபைல் ரெடியா வெச்சிருக்கு. பயாஸ் உள்ள போயி அதை ஆன் பண்ணா போதும்."

"அதை நீ ஏன் பண்ணிக் கொடுக்கலை?"

"நீங்க கேக்கலியல்லா சார்."

"அப்போ ஃபேன் வாங்கினா, அதுக்கு றெக்கை இருக்கணும்னு நான்தான் கேட்டு வாங்கணுமா?"

வீட்டுக்கு வந்ததும் விசாலாக்ஷியை இழுத்துப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். பார்க்க ஆளில்லாமல் எந்தக் காரியத்தையும் அவர் செய்ததில்லை.

"நன்னா பாரு. ஸ்டார்ட் ஆகறச்சே டெலீட் கீயை அமுக்கணும். நீலமா வரது பாரு, இதுதான் பயாஸ். கம்ப்யூட்டரோட மடைப்பள்ளி. நம்மாத்துல யாருக்கும் இது புரியாது. இதோ ப்ரொஃபைல். ஆன். எஃப் டென். முடிஞ்சது."

"திரும்பப் பழையபடி ஆக்கணும்னா?"

"அதே இடத்துல ஆஃப். பைத்தியம்தான் பண்ணும்."

"அதானே" என்றாள் விசாலாக்ஷி.

வண்டி பறந்தது. காவிரிப் பாலத்தை வெண்ணெய் மாதிரி தாண்டியது. பாலசந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே அபூர்வம்.

"ஏன்னா, மில்லுல கோதுமை அரைச்சுண்டு வரணும்."

"மண்டியா தாண்டட்டும்."

"தேவராஜா மார்க்கெட்ல ஈரங்கெரெ கத்திரிக்காய் வாங்கிண்டு வரேன்னேளே."

"மத்தூர்ல சிக்னல் விழலை. எஞ்சினை விட்டு எப்படி எறங்கறது?"

காபி எஞ்சினுக்கே வந்தது. ஒரு வாரம் வீட்டில் காய் கிடையாது, ஊறுகாய்தான். ஊறுகாய் என்பதையே அவர் கவனிக்கவில்லை. விசாலாக்ஷி கவனித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டார். இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. திட்டிக்கொண்டே உள்ளே போய் மறுபடி ஆன் செய்தார். செவ்வாய்க்கிழமை, மறுபடி அதே கதை. குருபிரசாத்துக்குப் போன் பறந்தது.

"மெமரிக்குத் தாங்கலேன்னா மதர்போர்டே பழைய ஸ்பீடுக்கு எறக்கிடும் சார். சும்மா சும்மா போட்டு இழுக்காதீங்க, கெட்டுப்போகும்."

பாலசந்திரன் பயந்துபோனார். டேபிள் ஃபேனை எடுத்துவந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவைத்தார். கன்னத்தில் கைவைத்து அதன் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்படிப் பாத்துண்டே இருந்தா சரியாயிடுமா?" என்றாள் விசாலாக்ஷி. "ஆஃப் பண்ணிட்டு மார்க்கெட்டுக்காவது போய்ட்டு வாங்கோ."

போய்விட்டு வந்து போட்டுப் பார்த்தார். மூவாயிரத்து இருநூறு.

கணக்குப் பிரிவு மூளை சும்மா இருக்குமா? அன்று மாலைக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"விசாலம், கண்டுபிடிச்சுட்டேன். எஞ்சினை ஷெட்ல விட்டு ஆறப்போடறோமோன்னோ? மெமரிக்கும் அதேதான். காலம்பற அதைத் தொடப்படாது. ஆறினாத்தான் இழுக்கும்."

"நீங்க ரயில்வேக்காரர். உங்களுக்குத் தெரியாததா?"

மறுநாளிலிருந்து காலையில் மெமரி ஆறியது, பாலசந்திரன் வெளியே போனார். இதிலும் ஒரு நுட்பத்தை அவரே கவனித்தார். தெருமுனையில் கறிவேப்பிலை வாங்கித் திரும்பினால் ஆறுவதில்லை. மார்க்கெட், மில் இரண்டுக்கும் போய் வந்தால் ஜம்மென்று ஆறியிருக்கும். வேலைக்குத் தக்க ஆறுதல். கௌரிசங்கரிடமே இந்த விஞ்ஞானத்தை விளக்கி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி அழைத்தும் விட்டார்.

ஞாயிறு காலை ஸ்கூட்டரில் கிளம்பினார். பாதி வழியில்தான் பையை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்து உள்ளே நுழைந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

விசாலாக்ஷி மூக்குக்கண்ணாடியுடன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நீல ஸ்கிரீன்.

"விசாலம்."

அவள் பதறவில்லை. அவர் கையைப் பார்த்தாள். "கத்திரிக்காய் எங்கே?"

"பையை மறந்துட்டேன்."

"அப்படியா? இருங்கோ, இப்பத்தான் ஆன் பண்ணினேன்." இரண்டு தட்டுத் தட்டினாள். "ஆஃப் பண்ணியாச்சு."

பாலசந்திரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இத்தனை நாளா நீதானா? இது மோசடி. அந்த மெமரிக்காக நான் எப்படிப் பரிதாபப்பட்டேன் தெரியுமா?"

"தெரியாம என்ன? டேபிள் ஃபேன் வெச்சேளே. சமையலறையில வேகற எனக்கு ஒரு நாள் வெச்சதில்லை."

"கட்டின புருஷனை இப்படியா ஏமாத்துவா?"

"அது ரெண்டு வருஷம் முக்கால் வேகத்துலகூட ஓடலைன்னு டப்பாவைத் தூக்கிண்டு கடைக்காரனோட சண்டை போட்டேள். ரிடையர் ஆனதுலேர்ந்து நீங்க கால் வேகத்துலகூட ஓடலை. நான் எந்தக் கடையில போய்ச் சண்டை போடறது?"

"நகரு. நானே போட்டுக்கறேன்" என்று கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டெலீட் கீயை அமுக்கினார். ஸ்கிரீன் அவரிடம் பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு வேறயா?"

"இன்னிக்கு கௌரிசங்கர் வராரே, அவசரத்துல நீங்களே போட்டுண்டுடப்படாதேன்னு."

அந்த நேரம் பார்த்து காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பாலு சார், எஞ்சின் ரெடியா? டிபன் முடிச்சிட்டு வந்துடறேன்."

பாலசந்திரன் சுவரைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். காவிரிப் பாலம் கண்முன் வந்து நின்றது. ஆணியில் தொங்கிய பையை வெடுக்கென்று பிடுங்கினார். கோபத்தைக் காட்ட அவருக்குக் கிடைத்தது அந்தப் பை ஒன்றுதான்.

"கத்திரிக்காய் பிஞ்சா பாத்து வாங்குங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "அப்படியே மில்லு. வந்தா மூவாயிரத்து இருநூறு."

"சரி."

"பயாஸ்ல இன்னும் கீழே தள்ளிப் பாத்தேளோ? மதர்போர்டுக்காரனே வெச்ச ஸ்பீடு இன்னொண்ணு இருக்கு. மூவாயிரத்து அறுநூறு. நேத்திக்குப் போட்டுப் பாத்தேன், நன்னாத்தான் ஓடித்து."

பாலசந்திரன் வாசலில் நின்றார். இந்த வீட்டில் இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானித்தார். செருப்பை மாட்டினார். ஸ்கூட்டர் வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

"அந்த அறுநூறுக்கு என்னென்ன வாங்கிண்டு வரணும்?"